புல்ட்ரூஷன் டை: ஃபைபர் கிளாஸ் புரொஃபைல் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கடல் காற்று இரும்பைத் தின்றுவிடும். அதனால்தான் கழிவுநீர் நிலையங்களிலும் ரசாயன ஆலைகளிலும் ஃபைபர் கிளாஸ் கிரேட்டிங், கைப்பிடி, ஏணி, கேபிள் ட்ரே என்று கேட்கிறார்கள். உள்நாட்டுச் சுரங்கங்களுக்கும் போகிறது. இரும்பு வேலியைக் கழற்றிக்கொண்டு போனால் ஸ்கிராப் கடையில் காசு கிடைக்கும். ஃபைபர் கிளாஸுக்குக் கிடைக்காது. இந்த ஊரில் அதுவும் ஒரு பெரிய காரணம்.

இப்படி நீளமாக, ஒரே குறுக்குவெட்டோடு வரும் ஆங்கிள், சேனல், டியூப், பட்டை போன்ற புரொஃபைல்கள் எல்லாம் புல்ட்ரூஷன் முறையில் செய்பவை. நம் பிள்ளைகளில் படகு, நீச்சல் குளம் செய்யும் பட்டறைகளில் கையால் மேட் (கண்ணாடி இழைப் பாய்) விரித்து ரெசின் பூசிப் பழகியவர்கள் பலர். தமிழ்நாட்டிலிருந்து டூல் ரூம் வேலைக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்புக்கும் புல்ட்ரூஷன் டை, அதாவது புரொஃபைலுக்கு வடிவம் கொடுக்கும் எஃகு அச்சு, புதிதாக இருக்கும். ஊசி வார்ப்பு மோல்டு செய்தவருக்கு எஃகு தெரியும், ரெசின் தெரியாது. படகு செய்தவருக்கு ரெசின் தெரியும், எஃகு தெரியாது. இந்த வேலையில் இரண்டும் வேண்டும்.

டைக்குள் என்ன நடக்கிறது

கண்ணாடி இழை ரோவிங்குகள் (முறுக்காத இழைக் கற்றைகள்) அவற்றின் சுருள்களைத் தாங்கும் கிரீல் ராக்கிலிருந்து வருகின்றன, ரெசின் தொட்டியில் நனைகின்றன. துளையிட்ட வழிகாட்டித் தட்டுகள் அவற்றைப் படிப்படியாக வடிவத்துக்குக் கொண்டுவருகின்றன. அப்புறம் சூடான எஃகு டைக்குள் நுழைந்து, மறுமுனையில் கெட்டியான புரொஃபைலாக வெளியே வருகின்றன. புல்லர் அதை விடாமல் இழுக்கிறது. அதற்கடுத்து வைர விளிம்பு ரம்பம்.

அலுமினிய எக்ஸ்ட்ரூஷனில் முறுக்கு பிழிவதுபோலப் பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். வடிவம் டையின் வாயிலேயே கிடைத்துவிடுகிறது. இங்கே முன்னாலிருந்து இழுக்கிறோம். டையின் நீளம் முழுவதும் ரெசின் வெந்துகொண்டே நகர்கிறது. டை வழக்கமாக 600 முதல் 1,500 மி.மீ. வரை நீளம் இருக்கும். 900 அல்லது 1,000 மி.மீ. டையைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். 900 மி.மீ. டையில் நிமிடத்துக்கு 300 மி.மீ. வேகத்தில் இழுத்தால் ஒரு புள்ளி மூன்று நிமிடம் உள்ளே இருக்கும். அந்த மூன்று நிமிடத்தில் ரெசின் மூன்று நிலைகளைக் கடக்கிறது. முதலில் திரவம்: சூடேறி விரிந்து சுவரை அழுத்துகிறது. அடுத்து ஜெல்: பிசுபிசுப்பாகச் சுவரைப் பிடிக்கிறது, உராய்வு இங்கேதான் அதிகம். கடைசியில் திடம்: சுருங்கிச் சுவரை விட்டு விலகுகிறது.

டையில் வரும் சிக்கல் எதுவானாலும் முதலில் கேட்க வேண்டியது, ரெசின் டையின் எந்த இடத்தில் ஜெல் ஆகிறது என்பதுதான். நுழைவாய்ப் பக்கம் நகர்ந்துவிட்டால் அங்கேயே கட்டிக்கொள்ளும், இழை அறுந்துபோகும். வெளிவாய்ப் பக்கம் தள்ளிப்போனால் வேகாத புரொஃபைல் வெளியே வரும். வடிவம், எஃகு, ஹீட்டர், வேகம் என்று கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்த ஜெல் புள்ளியைச் சரியான இடத்தில் நிறுத்தி வைப்பதற்காகத்தான்.

முதல் படி: வாடிக்கையாளர் வரைபடத்தை டை வரைபடமாக மாற்றுவது

50 × 50 × 6 மி.மீ. ஆங்கிள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வரைபடத்தில் 90 டிகிரி என்று இருக்கும். டையையும் 90 டிகிரிக்கே வெட்டினால் வெளியே வரும் ஆங்கிள் 89-ஐ ஒட்டித்தான் நிற்கும். ரெசின் கனத்தின் திசையில் அதிகமாகவும், இழை ஓடும் திசைகளில் குறைவாகவும் சுருங்குவதால் மூலை உள்ளே மடங்குகிறது. எனவே டையில் ஏறக்குறைய ஒரு டிகிரி கூடுதலாகத் திறந்து வெட்டுவார்கள். சரியான அளவு உங்கள் ரெசின், அதில் கலக்கும் ஃபில்லர் தூள், மேட் அடுக்கைப் பொறுத்தது. பட்டறையில் ஏற்கெனவே ஓடும் ஆங்கிளை அளந்து பார்த்து முடிவு செய்வதுதான் நல்லது. அகலம், கனம் இரண்டுக்கும் இதேபோலச் சுருக்கத்துக்கு இடம் விட வேண்டும்.

மூலைகளைக் கூராக வைக்காதீர்கள். கூர்மையான மூலைக்குள் இழை போகாது. வெறும் ரெசின் நிற்கும், அது உடைந்து டைக்குள் தூளாகச் சேரும். உள் ஆரம் குறைந்தது 1.5 மி.மீ. இருக்கட்டும். வெளி ஆரம் உள் ஆரத்தோடு சுவர்க் கனத்தைக் கூட்டினால் வருகிற அளவில் இருந்தால் கனம் மூலையிலும் மாறாது. வாடிக்கையாளர் இரும்பு ஆங்கிளின் படத்தை அப்படியே அனுப்பியிருப்பார். அவரிடம் பேசி மாற்றச் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு.

அடுத்து இழைக் கணக்கு. டை ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே இதைப் போட்டுவிடுங்கள், ஏனென்றால் எத்தனை ரோவிங் என்று தெரிந்தால்தான் வழிகாட்டித் தட்டில் எத்தனை துளை என்று தெரியும். நம் ஆங்கிளின் குறுக்குவெட்டுப் பரப்பு (50 + 50 − 6) × 6, அதாவது 564 சதுர மி.மீ. அதில் கண்ணாடி 46 சதவீதக் கன அளவு வேண்டும் என்று வைத்தால் 259 சதுர மி.மீ. கண்ணாடி. வெளிப்புறம் ஒன்று, உட்புறம் ஒன்று என்று சதுர மீட்டருக்கு 450 கிராம் உள்ள மேட் இரண்டு அடுக்கு. மொத்த அகலம் ஏறக்குறைய 188 மி.மீ. அது மீட்டருக்கு 85 கிராம், அதாவது 33 சதுர மி.மீ. மீதி 226 சதுர மி.மீ. ரோவிங்கால் நிரம்ப வேண்டும். 4800 டெக்ஸ் ரோவிங் என்றால் மீட்டருக்கு 4.8 கிராம், கண்ணாடியின் அடர்த்தி 2.56 என்று வகுத்தால் ஒரு ரோவிங்குக்கு 1.875 சதுர மி.மீ. ஆக 120 ரோவிங். எடைக் கணக்கில் இது 64 சதவீதக் கண்ணாடி. ஆங்கிளுக்கு நல்ல அளவு.

வாடிக்கையாளர் இஎன் 13706 என்ற ஐரோப்பியத் தரநிலையைக் கேட்டால் ஈ17 அல்லது ஈ23 என்று எழுதியிருப்பார். அந்த எண் ஜிகாபாஸ்கலில் விறைப்பு மாடுலஸ். ஈ23-க்கு நீளவாக்கில் ரோவிங் அதிகம் வேண்டும். எந்தத் தரம் என்பதை டை வெட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: எஃகு, பாலிஷ், குரோம்

எஃகுக்கு இங்கே எளிதாகக் கிடைப்பது பி20 வகை. கடைகளில் 1.2311 அல்லது 1.2738 என்ற ஐரோப்பிய எண்ணில் கேட்டால் புரியும். முன்பே கடினமாக்கி, ராக்வெல் 28 முதல் 32 வரையில் வரும். வெட்டிய பிறகு ஹீட் ட்ரீட்மெண்ட் வேண்டாம், எனவே டை வளையாது. ஒரு மீட்டர் நீள டையில் வளைவு வந்தால் அதைச் சரிசெய்வது பெரும் பாடு. கண்ணாடியும் ஃபில்லரும் அரைக்கும் மேற்பரப்பை ஹார்டு குரோம் பூச்சுதான் காக்கிறது.

நான் இங்கே அதிக நேரம் செலவிடச் சொல்வது டூல்மேக்கரோடும் குரோம் பட்டறையோடும் பேசுவதில். பைன்டவுன், நியூ ஜெர்மனி பக்கத்து டூல்மேக்கர்கள் திறமைசாலிகள், ஆனால் பெரும்பாலும் ஊசி வார்ப்பு மோல்டு செய்தவர்கள். அவர்களுக்குப் பாலிஷ் என்றால் பளபளப்பு, எந்தத் திசையில் தேய்த்தாலும் சரி. நமக்குத் திசைதான் முதலில். ஸ்டோன், எமரி, வைரப் பேஸ்ட் எல்லாம் இழுக்கும் திசையிலேயே நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே விழுந்த மெல்லிய கீறலில் ரெசின் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் அடுத்தது, அதன்மேல் இன்னொன்று என்று படிந்து, சில மணி நேரத்தில் புரொஃபைல் முழுநீளத்துக்கும் கோடு விழும். முடிவில் மேற்பரப்புச் சொரசொரப்பு 0.2 மைக்ரான் ஆர்ஏ அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும் என்று ஆர்டரில் எழுதிவிடுங்கள்.

இரண்டாவது, பாலிஷ் போடும்போது இரு பாதிகளும் சேரும் விளிம்பு மழுங்கிவிடக் கூடாது. பஃப் சக்கரத்தை விளிம்பின்மேல் ஓட்டினால் பளபளப்பாகத்தான் இருக்கும். மூடிப் பார்த்தால் நூல் அளவு இடைவெளி தெரியும். அதில் ரெசின் புகுந்து ஃப்ளாஷ் (மெல்லிய பிதுக்கம்) ஆகும், அது உடைந்து டைக்குள் போகும். விளிம்போரம் கையால் ஸ்டோன் பிடித்துத் தேய்ப்பதே நல்லது.

குரோம் விஷயம் இன்னும் நுட்பமானது. டர்பனில் ஹார்டு குரோம் போடுபவர்கள் ஹைட்ராலிக் ராடு போன்ற உருளைகளுக்குப் போட்டுப் பழகியவர்கள். உருளையில் மின்னோட்டம் சீராகப் பரவும். டையில் அப்படி இல்லை: வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பில் குரோம் கனமாக ஏறும், உள்மூலையில் மெல்லியதாக நிற்கும். ஆனால் தேய்மானம் அதிகம் வருவது அந்த உள்மூலையில்தான். எனவே டையின் வடிவத்தை ஒட்டிய அனோடு (நேர்மின்முனை) செய்து போடுவீர்களா என்று கேளுங்கள். 25 முதல் 50 மைக்ரான் வரை சீராக வேண்டும் என்று சொல்லுங்கள். அந்தக் கனத்துக்கு டை வெட்டும்போதே இடம் விட வேண்டும் என்பது டூல்மேக்கருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குரோம் போட்ட பிறகு இன்னொரு முறை நீளவாக்கில் பாலிஷ். நுழைவு ஆரத்திலும் வெளிவாய் முகத்திலும் குரோம் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் அங்கே மறைத்துவிட்டுப் போடுகிறார்கள்.

மூன்றாம் படி: பாதிகள் சேரும் இடமும் நுழைவாயும்

ஆங்கிளைத் தலைகீழ் 'வி' போல வைத்து ஓட்டினால் டை இரண்டே துண்டில் முடியும், பாதிகள் சேரும் கோடான பார்ட்டிங் லைன் இரு கால்களின் முனையில் வந்து நிற்கும். அங்கே வரும் மெல்லிய கோட்டைத் தேய்த்து எடுத்துவிடலாம். தட்டையான முகத்தின் நடுவிலோ மூலையின் ஆரத்திலோ பார்ட்டிங் லைனை வைக்காதீர்கள். சேனலுக்கும் ஐ-பீமுக்கும் துண்டுகள் கூடும், ஆனால் விதி இதுதான்.

டை வந்ததும் நீங்களே சோதியுங்கள். சேரும் முகத்தில் ப்ளூ (சோதனைக்கான நீலச் சாயம்) தடவி மூடித் திறந்து, நிறம் முழு நீளத்திலும் ஒட்டுகிறதா பாருங்கள். மூடி போல்ட் இறுக்கிய பிறகு இரு வாய்களிலும் பார்ட்டிங் லைனின் குறுக்கே விரல் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். நகம் தட்டினால் படி இருக்கிறது, திருப்பி அனுப்புங்கள். கண்ணுக்குத் தெரியாததை நகம் சொல்லிவிடும். இழுக்கும் திசையில் வாசல்படி போல நிற்கும் எதுவும் இழையைச் சுரண்டும்.

போல்ட்கள் 12.9 தரத்தில், ஏறக்குறைய 100 மி.மீ.க்கு ஒன்று, மரை பிடித்துக்கொள்ளாமல் இருக்க ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவி, நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறி இறுக்க வேண்டும். இரு பாதிகளையும் நேராகப் பொருத்தும் டவல் பின்கள் இரு முனையிலும் இருக்கட்டும். டையைத் திறக்க ஜாக் போல்ட் துளைகள் கேளுங்கள்: ஒரு பாதியில் மட்டும் மரையிட்ட நான்கு துளை, எதிரே வெறும் முகம். ரெசின் உள்ளே கட்டிக்கொண்ட நாளில் அந்த நான்கு போல்ட்தான் கைகொடுக்கும். அது இல்லாத பட்டறையில் சம்மட்டியும் உளியும் எடுப்பார்கள். விளிம்பு போய்விடும், அதோடு டையும்.

நுழைவாய் கூராக இருக்கக் கூடாது. 6 முதல் 10 மி.மீ. ஆரத்தில் உள்நோக்கி வளைந்து, அதற்கப்பால் சிறிது தூரம் மெல்லச் சரிந்து, பிறகு சரியான அளவுக்கு வர வேண்டும். இழைகள் தேவைக்கு அதிகமாகவே ரெசினைச் சுமந்து வருகின்றன. அதிகமானது இந்த வாயில் பிழியப்பட்டுத் திரும்பி வழிந்து தொட்டிக்குப் போக வேண்டும். அந்த வழியும் ரெசின் வாயிலேயே சூடேறினால் வளையமாகக் கட்டும். எனவே முதல் 50 முதல் 75 மி.மீ. தூரத்துக்குக் குளிர்ந்த நீர் ஓடும் துளைகள் வைப்பார்கள், அல்லது ஹீட்டரைத் தள்ளி வைப்பார்கள். டர்பன் கோடையில் ஷெட்டுக்குள்ளேயே 30 டிகிரியைத் தாண்டுகிறது; இங்கே நீர்க் குளிர்ச்சி இருப்பதே நல்லது.

நான்காம் படி: சூடு

மூன்று மண்டலமாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழும் தனி ஹீட்டர், சூட்டை அளக்கத் தனி தெர்மோகப்பிள், தனி கன்ட்ரோலர். தெர்மோகப்பிள் துளை குழிச்சுவருக்கு அருகில் வர வேண்டும். ஹீட்டர் அருகில் வைத்தால் கன்ட்ரோலர் ஹீட்டரின் சூட்டைத்தான் காட்டும், ரெசின் தொடும் சுவரின் சூட்டைக் காட்டாது. பாலியஸ்டருக்குத் தொடக்கமாக முதல் மண்டலம் 110, நடு 140, கடைசி 140 டிகிரி என்று வைத்துப் பார்க்கலாம். வினைல் எஸ்டரானால் கொஞ்சம் மேலே போக வேண்டியிருக்கும்.

எஃகு சூட்டில் நீளும். 900 மி.மீ. டை 25 டிகிரியிலிருந்து 145-க்குப் போனால் ஏறக்குறைய 1.3 மி.மீ. நீள்கிறது. எனவே டையை மேசையில் ஒரு முனையில் மட்டும் இறுக்குங்கள், மறுமுனை நகர வழி விடுங்கள். இரு முனையையும் இறுக்கினால் டை வில்லாக வளையும், புரொஃபைலும் வளைந்துதான் வரும். இழுவிசை டையைப் புல்லர் பக்கம் தள்ளும் என்பதால், நிறுத்துக்கட்டை அந்தப் பக்கம் வலுவாக இருக்க வேண்டும்.

டியூப் செய்வதானால்

டியூபின் உள்துளையைத் தருவது மேண்ட்ரல் என்ற நீண்ட எஃகுத் தண்டு. அது டைக்கு வெகு பின்னால் ஒரு சட்டத்தில் பிடிக்கப்பட்டு, இழைகளின் நடுவே ஓடி, டைக்குள் அநேகமாக முழு நீளமும் நிற்கும். அதற்கும் குரோமும் நீளவாக்குப் பாலிஷும் வேண்டும். டையின் வாயில் நான்கு பக்கமும் சுவர்க் கனத்தை அளந்து மேண்ட்ரலை நடுவில் நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் இழை அதிகம் போனாலே அது மறுபக்கம் தள்ளப்படும். முதல் டையாக டியூப் எடுக்காதீர்கள். பட்டை, ஆங்கிள், சேனல் ஓட்டிக் கை பழகிய பிறகு வாருங்கள்.

ரெசின் பற்றிச் சுருக்கமாக

கையால் பூசும் வேலையில் பழகியவர்கள், சூடில்லாமலே ரெசினைக் கெட்டியாக்கும் கோபால்ட்டும் எம்இகேபி என்ற பெராக்சைடும் தேடுவார்கள். இங்கே அது உதவாது, தொட்டியிலேயே கெட்டியாகிவிடும். புல்ட்ரூஷனுக்குச் சூட்டில் மட்டும் விழிக்கும் பெராக்சைடு வேண்டும். குறைந்த சூட்டில் தொடங்கும் ஒன்றும், உயர்ந்த சூட்டில் முடித்து வைக்கும் டெர்ட்-பியூட்டைல் பெர்பென்சோயேட் போன்ற ஒன்றும் சேர்த்துப் போடுவது வழக்கம். குறைந்த சூட்டில் விழிக்கும் பெராக்சிடைகார்பனேட் வகைகளை 20 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். டர்பன் கோடையில் அதற்குக் குளிர்பெட்டி அவசியம், அலமாரி போதாது. எந்தப் பெராக்சைடையும் கோபால்ட்டோடு நேரடியாகக் கலக்காதீர்கள், தீப்பிடிக்கும். ரெசினுக்குள் கலக்கும் ரிலீஸ் ஏஜென்ட்டைக் கலவைத் தாளில் உள்ளபடி எடைபோட்டுச் சேருங்கள். டைச் சுவருக்கும் ரெசினுக்கும் நடுவே நிற்பது அது ஒன்றுதான்.

ஸ்டைரீன் ஆவிக்கு வெளியேற்றும் விசிறியும், ரம்பத்தில் தூசி உறிஞ்சியும் இருக்க வேண்டும். 1993-ஆம் ஆண்டின் தொழில்சார் உடல்நல, பாதுகாப்புச் சட்டமும், அதன் கீழ் 2021-இல் வந்த அபாயகர ரசாயனப் பொருள்கள் ஒழுங்குவிதிகளும் முதலாளி மேல் இந்தப் பொறுப்பை வைக்கின்றன. முகமூடி கேட்கத் தயங்க வேண்டாம்.

ஐந்தாம் படி: முதல் ஓட்டம்

டை குளிர்ந்திருக்கும்போது உள்ளே ரிலீஸ் மெழுகு பூசித் துணியால் துடைத்துவிடுங்கள். டையைத் திறந்து, உலர்ந்த இழைகளையும் மேட்டையும் ஒழுங்காக அடுக்கி மூடுங்கள். முனையைக் கட்டிப் புல்லர் பிடிக்கும் தூரம் வரை இழுத்துவிடுங்கள். இந்த உலர் இழுப்பில் அவசரம் கூடாது: எந்த ரோவிங் எந்தத் துளையில் போகிறது, மேட்டின் விளிம்பு மடங்குகிறதா என்று பார்க்க இதுதான் நேரம். ரெசின் விட்ட பிறகு பார்க்க முடியாது.

பிறகு தொட்டி காலியாக இருக்கும்போதே டையைச் சூடேற்றி, எல்லா மண்டலமும் சொன்ன அளவில் நிலைத்து நிற்கும் வரை காத்திருங்கள். அப்புறம்தான் ரெசின். ரெசின் விட்டதும் இழுக்கத் தொடங்குங்கள், அதற்கப்புறம் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். நனைந்த இழை சூடான டைக்குள் நின்றால் நின்ற இடத்திலேயே வெந்துவிடும். மேட் கிழிகிறது, ஒரு ரோவிங் அறுந்தது என்றாலும் ஓடும்போதே முடிச்சுப் போடுங்கள். அந்த மீட்டர்கள் கழிவுக்குப் போகட்டும்.

புரொஃபைல் சீராக வரத் தொடங்கிய பிறகு செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. பலர் சோம்பல்பட்டு விட்டுவிடுகிறார்கள். நீண்ட மெல்லிய தெர்மோகப்பிள் கம்பியின் முனையை ரோவிங்குகளின் நடுவே செருகி, இழைகளோடு டைக்குள் போகவிடுங்கள். ஐந்து வினாடிக்கு ஒரு முறை சூட்டைக் குறித்துக்கொண்டே இருங்கள். வேகம் தெரியும் என்பதால் ஒவ்வொரு எண்ணும் டையின் எந்த இடத்தில் வந்தது என்று கணக்கிடலாம். தாளில் வரைந்தால் ஒரு மேடு தெரியும். முதலில் டையைவிடக் குளிர்ந்திருந்த நடுப்பகுதி, ரெசின் வினைபுரியத் தொடங்கியதும் சட்டென்று ஏறி, சுவரின் சூட்டையே தாண்டிப் போகும். அந்த உச்சி டையின் பிற்பாதியில், வெளிவாய்க்குக் கொஞ்சம் முன்னால் இருந்தால் நல்லது. முற்பாதியிலேயே வந்துவிட்டால் முதல் மண்டலத்தைக் குறையுங்கள் அல்லது வேகத்தைக் கூட்டுங்கள். வெளியே வந்த பிறகும் ஏறிக்கொண்டே இருந்தால் வேகத்தைக் குறையுங்கள். கனமான புரொஃபைலில் வெளியே வந்து வெந்தால் உள்ளே விரிசல் விழும். ஜெல் புள்ளியைக் கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் இந்த வளைகோடு அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

பார்கால் கருவியால் கடினத்தையும் அளவெடுங்கள். பாலியஸ்டர் புரொஃபைலில் 45-க்குக் கீழே போனால் வேகவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

ஓடும்போது கவனிக்க வேண்டியவை

புல்லரின் அழுத்த மானியில் முள் எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு மணியும் எழுதுங்கள். எதையும் மாற்றாமல் முள் மெல்ல ஏறிக்கொண்டே போனால் டைக்குள் ஏதோ படிகிறது. வெளிவாயில் வெள்ளைத் தூளோ செதிலோ விழுந்தால் மேற்பரப்பு உரிகிறது: ஜெல் முன்னால் வந்திருக்கும், அல்லது ரிலீஸ் ஏஜென்ட் குறைந்திருக்கும், அல்லது மேல்தோலில் இழை போதாமல் வெறும் ரெசின் நிற்கும். புரொஃபைல் விட்டு விட்டு நகர்ந்து கிறீச்சென்று சத்தம் வந்தால் அதே காரணம் முற்றிப்போயிருக்கிறது. மேலே இழை தெரிந்தால் மேற்பரப்பை மூடும் மெல்லிய துணி அடுக்கு (veil) நழுவியிருக்கலாம். வளைந்து வந்தால் மேலும் கீழும் சூடு ஒன்றாக இருக்கிறதா, மேட் இரு பக்கமும் சமமா என்று பாருங்கள்.

ஒரே கோடு ஒரே இடத்தில் விடாமல் வந்தால் டைக்குள் ஏதோ ஒட்டியிருக்கிறது அல்லது கீறல் விழுந்திருக்கிறது. சுரண்ட வேண்டியிருந்தால் பித்தளைத் தகடு, செப்புத் தகடு, மரக்குச்சி மட்டும். ஸ்க்ரூ டிரைவரை டைக்கு அருகிலேயே விடாதீர்கள்.

மின்வெட்டு நேரத்தில்

இந்த நாட்டில் இதை எழுதாமல் விட முடியாது. 2023-இல் ஏறக்குறைய நாள்தோறும் லோட் ஷெட்டிங் இருந்தது. 2024 மார்ச் கடைசியிலிருந்து பெரிதும் ஓய்ந்தது. ஆனாலும் துணை மின்நிலையப் பழுது, கேபிள் திருட்டு என்று எப்போது வேண்டுமானாலும் கரண்ட் போகலாம். ஹீட்டர் நின்றாலும் எஃகு உடனே ஆறாது. உள்ளே நிற்கும் ரெசின் வெந்துகொண்டேதான் இருக்கும்.

ஜெனரேட்டர் சிறியதாக இருந்தால் புல்லருக்கும் கன்ட்ரோலருக்கும் முதலில் கொடுங்கள், ஹீட்டருக்குக் கடைசியில். சூடு கொஞ்சம் இறங்கினாலும் டை தாங்கும். இழுப்பு நின்றால் தாங்காது. நேரம் முன்பே தெரிந்த மின்வெட்டு என்றால் அதற்கு அரை மணி முன்பே ரெசின் தொட்டியை இறக்கி, இழைகளை நுழைவாய்க்குப் பின்னால் வெட்டி, டை காலியாகும் வரை இழுத்து எடுத்துவிடுங்கள். மறுபடி இழை கோப்பது பெரிய வேலைதான். கட்டிக்கொண்ட டையைத் திறப்பதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

திடீரென்று போய், கட்டிக்கொண்டது என்றால்: புல்லரின் முழு விசையைப் போட்டு இழுக்காதீர்கள், குரோம் உரிந்துவிடும். டை கொஞ்சம் சூடாக இருக்கும்போதே கையுறையோடு போல்ட்களைத் தளர்த்தி, ஜாக் போல்ட்களை நான்கு மூலையிலும் கால் கால் சுற்றாகச் சமமாகத் திருகி மேல் பாதியை எழுப்புங்கள். ஒரு மூலை முந்திக்கொண்டால் டவல் பின் வளையும்.

வைப்பது

ஹார்டு குரோமில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் உண்டு. கடற்காற்றின் உப்பு அதன் வழியாக இறங்கி அடியிலுள்ள எஃகைத் தின்னும்; குரோம் கொப்பளித்து உரியும். எனவே டையை ஓட்டி முடித்த அன்றே கழுவித் துடைத்து, துருத்தடுப்பு எண்ணெய் பூசி, மூடி, இரு வாயையும் அடைத்து, துருத்தடுப்புத் தாளில் சுற்றி வையுங்கள். உப்பு அமிலம் (ஹைட்ரோகுளோரிக் அமிலம்) கலந்த எந்தச் சுத்திகரிப்பானும் குரோமில் படக் கூடாது. ராக்கின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ப்ரொஸ்பெக்டன் பகுதித் தொழிற்சாலைகளுக்குள் தண்ணீர் புகுந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை.

குரோம் தேய்ந்ததா என்று பார்க்க எளிய வழி காப்பர் சல்பேட் கரைசல். சுவரை எண்ணெய் இல்லாமல் துடைத்துவிட்டுப் பஞ்சால் தொட்டு வையுங்கள். குரோம் உள்ள இடம் அப்படியே இருக்கும். எஃகு வெளியே தெரியும் இடத்தில் செம்பு படிந்து சிவக்கும். முதலில் சிவப்பது பெரும்பாலும் ஜெல் ஆகும் பகுதியும் உள்மூலைகளும். பார்த்ததும் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசுங்கள். சிவப்பு தெரிந்த பிறகும் ஓட்டினால் எஃகு தேய்ந்து பள்ளம் விழும், அப்புறம் வெறும் குரோம் போதாது, மறுபடி அரைக்க வேண்டும். அரைக்கும் ஒவ்வொரு முறையும் குழியின் அளவு பெரிதாகிறது. எனவே சிவப்பு தெரிந்தவுடன் மறுகுரோமுக்கு அனுப்பிவிடுங்கள்.

ஒவ்வொரு டைக்கும் ஒரு அட்டை வையுங்கள். ஓடிய மீட்டர், மண்டலச் சூடுகள், வேகம், ரோவிங் எண்ணிக்கை, ரெசின் கலவை, அழுத்த மானி காட்டியது, கடைசியாகக் குரோம் போட்ட தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். ஓட்டத்தின் கடைசி 300 மி.மீ. துண்டை வெட்டி, மேல்பக்கம் எது என்று குறித்து, டையோடு கட்டி வையுங்கள். அடுத்த முறை டை ராக்கிலிருந்து இறங்கும்போது முதலில் அந்தத் துண்டைப் பாருங்கள்: கோடு இருந்தால் டையைத் திறந்து அதே இடத்தைச் சோதித்துவிட்டுத்தான் மேசையில் ஏற்ற வேண்டும்.